சின்னஞ்சிறு சொற்களில் உறவு கண்ட கால்டுவெல்

சீன நாட்டில் எதிரே நிற்பவரைப் பார்த்து ‘நீ’ என்றுதான் சொல்கிறார்கள். தமிழிலும் ‘நீ’தான்! ஆனால் பக்கத்தில் இருக்கும் ஆந்திராவிலோ ‘நுவ்வு’ என்கிறார்கள்.

கேட்டவுடன் என்ன தோன்றும்? சீன மொழி தமிழுக்கு அண்ணன் தம்பி முறை, தெலுங்கு ஏதோ தூரத்துச் சொந்தம் என்று தோன்றும். உண்மை இதற்கு நேர் தலைகீழ். தெலுங்குதான் தமிழோடு கூடப்பிறந்த மொழி. சீனத்து ‘நீ’க்கும் தமிழ் ‘நீ’க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களில் எது சொந்தம், எது இரவல், எது தற்செயல் என்று பிரிப்பது எப்படி?

தென்னாட்டு மொழிகளைப் பொறுத்தவரை, இந்தக் கேள்விக்கு விரிவாக விடை எழுதியவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். திருநெல்வேலிச் சீமையில், செம்மணல் தேரிக்காட்டுக்கு நடுவே பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவர்தான் ராபர்ட் கால்டுவெல்.

ஓவியம் கற்ற சிறுவன்

கால்டுவெல் 1814-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி அயர்லாந்து தேசத்தில் ஆன்ட்ரிம் என்ற மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்துக்காரர்கள். வசதி இல்லாத குடும்பம். பையனுக்குப் பத்து வயது ஆனபோது குடும்பம் ஸ்காத்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்குத் திரும்பிவிட்டது.

பையனுக்குச் சித்திரம் எழுதுவதில் ஆசை. டப்ளின் நகருக்குப் போய் ஓவியம் கற்றார். ஓவியராகவே ஆகியிருப்பார். ஆனால் மனம் சமயத் தொண்டில் திரும்பியது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்தவர் சர் டேனியல் சாண்ட்போர்டு. அவருடைய வகுப்பில்தான் கால்டுவெலுக்கு ஒரு புது ருசி உண்டாயிற்று. மொழிகளை ஒன்றோடு ஒன்று வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ருசி!

அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதும் அதே பேச்சு. சர் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி 1786-ல் கல்கத்தாவில் ஓர் உண்மையை எடுத்துச் சொல்லியிருந்தார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பதே அது. சமஸ்கிருதத்தில் ‘த்வி’, கிரேக்கத்திலும் லத்தீனிலும் ‘துவோ’. சமஸ்கிருதத்தில் ‘ஸப்த’, லத்தீனில் ‘ஸெப்டெம்’. அப்பாவுக்குச் சமஸ்கிருதத்தில் ‘பிதர்’, லத்தீனில் ‘பாட்டர்’. இப்படிப் பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்த மொழிகள் உறவு கொண்டாடின. படித்தவர்கள் எல்லாம் வியந்து போனார்கள்.

மாணவர் கால்டுவெல் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். ஆனால் அது எங்கே பயன்படப் போகிறது என்பது அப்போது அவருக்கே தெரியாது.

கப்பலில் ஒரு நண்பர்

கால்டுவெல் லண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்து, ‘மேரி ஆன்’ என்ற கப்பலில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அதே கப்பலில் சி.பி.பிரௌன் என்பவரும் வந்தார். ஆந்திர மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கும் தெலுங்கு அறிஞர் அவர். மாதக்கணக்கான கடல் பயணம். வேறு வேலை இல்லை. இந்திய மொழிகளைப் பற்றிப் பிரௌன் சொல்லச் சொல்ல, இளைஞர் கேட்டுக்கொண்டே வந்தார்.

1838-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி சென்னையில் கரை இறங்கினார். வயது 23. முதல் வேலையாகத் தமிழ் படிக்கத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் சென்னையில் கழிந்தன.

1841-ல் அவர் இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்தார். திருநெல்வேலி ஜில்லாவுக்கு அனுப்பப்பட்டார். வெள்ளைக்காரர் என்றால் அந்தக் காலத்தில் பல்லக்கு உண்டு, குதிரை உண்டு. கால்டுவெல் நடந்தே புறப்பட்டார்!

கும்பகோணம், தஞ்சை, திருச்சி என்று நடந்தார். நீலகிரி மலை ஏறினார். உதகையில் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. பிறகு மலை இறங்கி, மதுரை வழியாகத் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான மைல்கள்! வழி நெடுக மக்களின் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஏட்டுத் தமிழ் மட்டும் அல்லாமல், வீட்டுத் தமிழும் வழித்தமிழும் அவருக்கு வசமாயின.

தேரிக்காட்டில் ஒரு வீடு

1841-ம் ஆண்டின் கடைசியில் அவர் வந்து சேர்ந்த ஊர் இடையன்குடி. கடற்கரைக்குச் சமீபம். சுற்றிலும் செம்மணல், நிமிர்ந்து நிற்கும் பனைமரங்கள். கோடையில் காற்று அடித்தால் மணல் மேடே இடம் மாறும்.

அங்கே அவர் தெருக்களை ஒழுங்கு செய்தார். கிணறுகள் வெட்டினார். மரங்கள் வைத்தார். பள்ளிக்கூடங்கள் திறந்தார்.

1844-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் எலிசா, நாகர்கோவிலில் பாதிரியாராக இருந்த சார்லஸ் மால்ட்டின் மகள். ஊர்ப் பெண்களைப் போலவே இயல்பாகத் தமிழ் பேசக்கூடியவர். பெண்களுக்கு எழுத்தறிவு கொடுத்தார். லேஸ் பின்னும் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். அந்த வீட்டில் இரவும் பகலும் தமிழ் ஒலித்துக்கொண்டிருந்தது.

1849-ல் கால்டுவெல் ஒரு தவறும் செய்தார். தம்மைச் சுற்றி வாழ்ந்த சாணார் சமூகத்தாரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் கண்ட செய்திகள் அந்தச் சமூகத்தாரின் மனத்தைப் புண்படுத்தின. பின்னாளில் அதற்குக் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. கால்டுவெல் பெயரைச் சொல்லும்போது இந்த வடுவையும் மறைப்பதற்கு இல்லை.

அன்றைய நம்பிக்கை

அந்தக் காலத்தில் படித்த வெள்ளைக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறியிருந்தது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் தாய் சமஸ்கிருதமே. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அதிலிருந்து பிறந்து சிதைந்தவையே என்பது அந்த நம்பிக்கை. உள்நாட்டுப் பண்டிதர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

அதற்குக் காரணமும் இருந்தது. நதி, சூரியன், ஆகாயம், புத்தகம் என்று சமஸ்கிருதச் சொற்கள் தென்னாட்டு மொழிகளில் ஏராளமாகக் கலந்திருந்தன. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இன்னும் அதிகம். இத்தனை சொற்கள் இருந்தால் பெற்ற பிள்ளை என்றுதானே சொல்வார்கள்?

இதை முதலில் மறுத்துச் சொன்னவர் கால்டுவெல் அல்ல. அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, சென்னையில் உத்தியோகம் பார்த்த எல்லிஸ் துரை அதைச் சொல்லிவிட்டார். திருக்குறளில் தோய்ந்து தம் பெயரை எல்லீசன் என்று தமிழாக்கிக்கொண்டவர் அவர். 1816-ல், காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு முன் குறிப்பு எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை வரிசையாக அடுக்கி, இவை தனிக் குடும்பம் என்று காட்டினார். ஆனால் 1819-ல் ராமநாதபுரத்தில் திடீரென இறந்துபோனார். அவர் தொடங்கிய வேலை அப்படியே நின்றது.

அதை விரித்து, இலக்கணம் முழுவதையும் அலசி, உலகம் ஏற்கும்படி நிலைநாட்டியவர் கால்டுவெல்.

பெரிய சொல்லும் சின்னச் சொல்லும்

அவர் வழி எளிமையானது. பெரிய சொற்களை ஒதுக்கி வைத்தார். சின்னச் சொற்களைப் பிடித்தார்.

பெரிய சொற்கள் ஊர் சுற்றுபவை. வியாபாரி கொண்டு வருவான். பண்டிதர் கொண்டு வருவார். அரசாங்கம் கொண்டு வரும். ‘ரயில்’ என்று சொல்வதால் தமிழன் ஆங்கிலேயன் ஆகிவிடுவதில்லை. ஆனால் நான், நீ, கண், பல், ஒன்று, இரண்டு, அங்கே, இங்கே போன்ற சொற்களை ஒரு ஜனக்கூட்டம் லேசில் கைவிடாது. தாயின் மடியில் கற்ற சொற்கள் அவை. உறவு பார்க்க வேண்டுமானால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

‘நான்’ என்ற சொல்லைப் பாருங்கள். மலையாளத்தில் ‘ஞான்’. கன்னடத்தில் ‘நானு’. தெலுங்கில் ‘நேனு’. துளுவில் ‘யான்’. பழந்தமிழிலும் ‘யான்’ என்பதே வழக்கு. சமஸ்கிருதத்திலோ ‘அஹம்’. அந்த ‘அஹம்’ என்பதற்குச் சொந்தம், கிரேக்கத்திலும் லத்தீனிலும் உள்ள ‘எகோ’.

மூன்று என்பது மலையாளத்தில் ‘மூந்நு’, கன்னடத்தில் ‘மூரு’, தெலுங்கில் ‘மூடு’, துளுவில் ‘மூஜி’. சமஸ்கிருதத்தில் ‘த்ரி’, ஆங்கிலத்தில் ‘த்ரீ’. எது எந்த வீட்டுப் பிள்ளை என்பது முகத்திலேயே தெரிகிறது!

கண் என்ற சொல் இன்னும் அதிசயமானது. தென்னாட்டில் ‘கண்ணு’, ‘கன்னு’ என்று வழங்குவது இருக்கட்டும். எங்கோ பலுசிஸ்தானத்து மலைகளில், பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானமும் சந்திக்கும் பக்கத்தில், பிராகூயி என்று ஒரு மொழி பேசுகிறார்கள். சுற்றிலும் வேறு இன மொழிகள். அந்தப் பிராகூயியில் கண்ணுக்குத் தொண்டையிலிருந்து உரசி வரும் ககரத்தோடு ‘கன்’ என்று பெயர். பாலுக்கு ‘பால்ஹ்’. இரண்டுக்கு ‘இரட்’. மூன்றுக்கு ‘முசிட்’. எதிரே நிற்பவருக்கு ‘நீ’!

நான்கிலிருந்து பிராகூயி மக்கள் அயல் மொழி எண்களை எடுத்துக்கொண்டார்கள். கண்ணும் பாலும் நீயும் மட்டும் போகவில்லை. பிராகூயியில் தென்னாட்டு மொழிகளின் சாயல் இருப்பதைக் கால்டுவெல் தம் நூலில் எடுத்துக் காட்டினார். அது அதே குடும்பத்து மொழி என்பதைப் பிற்கால அறிஞர்கள் உறுதி செய்தார்கள்.

ஒலி ஒற்றுமை மட்டும் போதாது

அப்படியானால் சீனத்து ‘நீ’ மட்டும் ஏன் சொந்தம் ஆகாது? இங்கேதான் கால்டுவெல் பின்பற்றிய விதி வேலை செய்கிறது.

ஓர் ஓசை ஒத்தால் போதாது. மாறும்போதும் ஓர் ஒழுங்கோடு மாற வேண்டும்.

தமிழில் ‘பத்து’, கன்னடத்தில் ‘ஹத்து’. இது ஒன்று மட்டும் என்றால் தற்செயல் எனலாம். ஆனால் பால் என்பது கன்னடத்தில் ‘ஹாலு’. பல் என்பது ‘ஹல்லு’. புலி என்பது ‘ஹுலி’. பூ என்பது ‘ஹூவு’. தமிழில் ‘ப’ முன்னால் வந்தால் கன்னடத்தில் ‘ஹ’ வருகிறது! பழைய கன்னடக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அங்கேயும் ‘ப’தான் இருக்கிறது. ‘ஹ’ பிற்காலத்தில் வந்தது.

தெலுங்குக்கு வேறொரு பழக்கம். முன்னே நிற்கும் உயிரெழுத்தைப் பின்னே தள்ளிவிடும். இரண்டு ‘ரெண்டு’ ஆகும். அவர் ‘வாரு’ ஆகும். இவர் ‘வீரு’ ஆகும். உரல் ‘ரோலு’ ஆகும். அரிச்சுவடி தெரிந்தவன்கூட ஒரு தெலுங்குச் சொல்லைப் பார்த்து அதன் தமிழ் அண்ணனை ஊகித்துவிடலாம்.

சொல்லுக்குப் பின்னால் இலக்கணமும் துணை நிற்க வேண்டும். ‘நான் வந்தேன்’ என்கிறோம். அந்த ‘ஏன்’ எங்கிருந்து வந்தது? ‘நான்’ என்பதன் சாயலே வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கன்னடத்தில் ‘பந்தெனு’, பழைய தெலுங்கில் ‘வச்சிதினி’. அங்கேயும் அதே வால்! சீன மொழியில் வினைச்சொல்லுக்கு இப்படி வாலே கிடையாது. ‘நீ’ ஒன்று ஒத்திருக்கிறது. அதற்கு மேல் ஒத்துப்போகும் ஒழுங்கு எதுவும் இல்லை. நடுச்சந்தியில் இரண்டு பேர் ஒரே நிறச் சட்டை போட்டு நிற்பது போன்ற ஒற்றுமை அது.

‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் நமக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் நாம்; சேர்க்காவிட்டால் நாங்கள். தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’ என்று அதே பிரிவினை உண்டு. சமஸ்கிருதத்தில் இந்தப் பிரிவினை இல்லை, லத்தீனிலும் இல்லை. ஒரு மொழியின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதை இப்படிப்பட்ட சின்னச் சொற்கள் காட்டிக் கொடுத்தன.

எட்டு சொன்ன பாடம்

ஏமாற்றும் சொற்களும் உண்டு. அவற்றில் பெரிய ஏமாற்றுக்காரன் ‘எட்டு’!

ஆங்கிலத்தில் ‘எய்ட்’. இந்தியில் ‘ஆட்’. சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. லத்தீனில் ‘ஒக்டோ’. தமிழில் ‘எட்டு’. காதுக்கு எல்லாம் ஒரே வரிசை. அஷ்டத்திலிருந்து வந்ததே எட்டு என்று எவரும் சத்தியம் செய்துவிடுவார்கள்.

கால்டுவெல் அவசரப்படவில்லை. கூடப்பிறந்த மொழிகளைக் கேட்டார். கன்னடத்தில் ‘எண்டு’. தெலுங்கில் ‘எனிமிதி’. தமிழிலேயே எண்பது என்கிறோம், எண்ணூறு என்கிறோம். எட்டுப்பது என்று சொல்வது இல்லை. ஆக, அதன் உண்மை வேர் ‘எண்’. பழைய உருவம் ‘எண்’ என்று தெரிந்தவுடன் அஷ்டத்தின் சாயம் வெளுத்துவிட்டது!

‘ஒன்று’ என்பதும் ஆங்கில ‘ஒன்’ என்பதும் இதே கதைதான். ஆங்கிலச் சொல்லின் பழைய உருவம் ‘ஆன்’. லத்தீனில் அதற்கு இணை ‘ஊனுஸ்’. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. உண்மையான உறவாக இருந்தால் பின்னோக்கிப் போகும்போது நெருங்கி வர வேண்டும்.

அம்மா, அப்பா போன்ற சொற்களையும் நம்பிவிடக் கூடாது. உலகம் முழுவதும் குழந்தைகள் எழுப்பும் முதல் ஒலிகள் ம, ப, த. பெற்றவர்கள் அதைத் தங்களை அழைப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். இதை ரோமன் யாக்கப்சன் என்ற மொழி அறிஞர் 1960-ல் விளக்கினார். ஜார்ஜியா நாட்டு மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. ‘தேதா’ என்றால் அம்மா! நம்மிடமோ மாமா என்றால் அம்மாவின் சகோதரர்.

ஓர் எழுத்தே ஒரு சொல்

சின்னச் சொற்களில் எல்லாம் சின்னது எது? ஒரே எழுத்து!

தூரத்தில் இருப்பது ‘அ’. பக்கத்தில் இருப்பது ‘இ’. தெரியாமல் கேட்பது ‘எ’. அவன், இவன், எவன். அங்கு, இங்கு, எங்கு. கன்னடத்தில் அல்லி, இல்லி, எல்லி. தெலுங்கில் அக்கட, இக்கட, எக்கட. மூன்று உயிரெழுத்துகளை வைத்துக்கொண்டு இத்தனை மொழிகளும் உலகத்தையே சுட்டிக் காட்டுகின்றன.

இரண்டுக்கும் இடைப்பட்டதைக் காட்டும் ‘உ’ என்ற நான்காவது எழுத்தும் பழந்தமிழில் இருந்தது. தமிழ்நாட்டுப் பேச்சில் அது மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் உவன், உது என்று இன்றும் வழங்குகிறது.

கால்டுவெல் இந்தச் சுட்டெழுத்துகளில் மனத்தைப் பறிகொடுத்தார். இவ்வளவு சுத்தமான, ஒழுங்கான ஏற்பாடு இந்தக் குடும்பத்தின் சொந்தச் சொத்து என்று கண்டு, தம் நூலில் அதைப் பல பக்கங்கள் விவரித்தார்.

1856: நூல் வெளிவந்தது

உடல்நலம் குன்றியதால் கால்டுவெல் 1854-ல் தாய்நாடு திரும்ப வேண்டியிருந்தது. ஓய்வுக்குப் போனவர் ஓய்ந்திருக்கவில்லை. 1856-ல் லண்டனில் அவருடைய ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ வெளிவந்தது. கிளாஸ்கோ பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது.

குமாரில பட்டர் போன்ற பழைய வடமொழி ஆசிரியர்கள் வழங்கிய ‘திராவிட’ என்ற சொல்லை எடுத்து, இந்த மொழிக் குடும்பத்துக்கே பெயராகச் சூட்டினார். முதற் பதிப்பில் ஒன்பது மொழிகள் இருந்தன. அவற்றுள் நீலகிரியில் வாழும் தோடர், கோத்தர் மொழிகளும், நடு இந்தியாவின் கோண்டு மக்கள் மொழியும் அடக்கம். எழுத்தே இல்லாத மலைவாசிகளின் பேச்சைத் தமிழுக்கும் தெலுங்குக்கும் சரி சமமாக உட்கார வைத்தார். அவற்றின் சின்னச் சொற்களும் அவருக்குச் சாட்சிகள்.

1875-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. அப்போது குடகு, ஒராவோன், ராஜ்மகால் மொழிகளும் சேர்ந்து தொகை பன்னிரண்டு ஆயிற்று. இன்றைய அறிஞர்கள் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளை இக்குடும்பத்தில் சேர்க்கிறார்கள்.

நூலின் பலன் என்ன? தமிழ் வேறொரு மொழியின் சிதைவு என்ற எண்ணம் அறிஞர் உலகில் சரிந்தது. சமஸ்கிருதம் பெரிய மொழி. ஆனால் தமிழுக்குத் தாய் அல்ல. கலந்து வந்த சொற்களை விலக்கிவிட்டுத் தமிழ் தன் காலில் நிற்க முடியும் என்று கால்டுவெல் வாதித்தார். பின்னால் தமிழ்நாட்டில் மொழியிலும் அரசியலிலும் எழுந்த பெரிய அலைகளுக்கு இந்த நூல் ஒரு தொடக்கப் புள்ளி ஆயிற்று.

விதியைச் சொன்னவரும் வழுக்கினார்

இத்தனை எச்சரிக்கையான மனிதரும் ஓர் இடத்தில் வழுக்கி விழுந்தார்.

திராவிட மொழிகளுக்கு வெளிநாட்டில் உறவினர் யார் என்று தேடினார். பின்லாந்து, ஹங்கேரி, துருக்கி, மங்கோலியா முதலிய தேசங்களின் மொழிகளைச் சித்திய மொழிகள் என்று ஒன்றாகக் கட்டினார்கள் அந்தக் காலத்தில். அங்கே உள்ள பெயர்களும் விகுதிகளும் சில திராவிடச் சொற்களைப் போல ஒலித்தன. அதைக் கொண்டு இரண்டும் நெருங்கிய இனம் என்று முடிவு கட்டினார். பிற்கால ஆராய்ச்சி அதை ஏற்கவில்லை. தென்னாட்டு மொழிகளை ஒப்பிட்டபோது அவர் கண்ட ஒழுங்கான ஒலி மாற்றம் அங்கே காணப்படவில்லை. திராவிடக் குடும்பத்துக்கு வெளியில் உறவு உண்டு என்று இன்றுவரை எவரும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை.

‘அரிசி’தான் கிரேக்கத்தில் ‘ஒரைஸா’ ஆயிற்று என்று அவர் எழுதினார். இன்று பலர் அதை ஒப்புவதில்லை. பாரசீகப் பக்கத்து மொழிகள் வழியாகப் போன சொல் என்கிறார்கள். ‘திராவிட’ என்ற சொல்லே தேய்ந்து ‘தமிழ்’ ஆயிற்று என்றும் கருதினார். ‘தமிழ்’தான் தமிள, திரமிட என்று மாறி ‘திராவிட’ ஆயிற்று என்பது இன்றைய அறிஞர் பலரின் முடிவு.

ஆனால் அவர் சொன்னதில் நிலைத்தவையும் உண்டு. சாலமோன் ராஜாவின் கப்பல்களில் போன மயிலுக்கு எபிரேய வேதத்தில் உள்ள ‘துகி’ என்ற பெயர், தமிழ்த் ‘தோகை’ என்று அவர் காட்டியதைப் பலர் ஏற்கிறார்கள். இது உறவு அல்ல, வியாபாரம். சரக்கோடு சொல்லும் கப்பல் ஏறிற்று. இஞ்சி வேர் கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்’ ஆனதும் இந்த வகைதான்.

33 ஆண்டு எழும்பிய கோயில்

மொழி ஆராய்ச்சி அவருக்குக் கிடைத்த நேரத்தில் செய்த வேலை. அன்றாடப் பணி ஊழியம்தான். இடையன்குடியில் 1847-ல் ஒரு தேவாலயம் கட்டத் தொடங்கினார். பணம் கிடைத்தபோது கட்டுவதும், இல்லாதபோது நிறுத்துவதுமாக 33 ஆண்டுகள் ஓடின. 1880-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி அது திறக்கப்பட்டது.

இடையில் தமிழ் பைபிளைத் திருத்திய குழுவில் உழைத்தார். 1877-ல் பிஷப் ஆனார். அந்த ஆண்டு தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசித்தவர்களுக்கு உதவும் பணியில் ஈடுபட்டார். பழைய பாண்டியத் துறைமுகமான கொற்கையில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார். 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டார். 1883-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

வயது ஏறியது. உடல் தளர்ந்தது. 1891 ஜனவரியில் பதவியிலிருந்து விலகினார். தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை, கொடைக்கானல் மலைக்குப் போனார். அங்கே அவ்வாண்டு ஆகஸ்ட் 28-ந் தேதி காலமானார். வயது 77. உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொண்டு வந்து, அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1899-ல் எலிசா அம்மையாரும் மறைந்தார்.

1961-ல் டி.பரோ, எம்.பி.எமனோ என்ற இரு அறிஞர்கள் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார்கள். கண், கல், பல், பால் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதன் உடன்பிறப்புகள் வரிசையாக நிற்கின்றன. 1968-ல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது, சென்னைக் கடற்கரையில் கால்டுவெலுக்குச் சிலை எழுந்தது. 2010-ல் இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது.

அவர் தேடிய சொற்களைத் தேட ஏட்டுச் சுவடி வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைகள் தினமும் அவற்றைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான், நீ, அது, இது, ஒன்று, இரண்டு, மூன்று! தமிழின் பிறப்புரிமைப் பத்திரம் அந்தச் சின்னச் சொற்களில்தான் எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டியவர் எங்கோ அயர்லாந்தில் பிறந்து, பனங்காட்டு ஊர் ஒன்றில் மண்ணோடு மண்ணாகிப்போன ஒரு மனிதர்.